அடிக்கிறவனே ஆட்டத்தையும் நடத்தலாமா?

எந்த காலேஜ் பேஸ்கட்பால் டீமை எடுத்தாலும் அதுல ஒருத்தன் இருப்பான். முன்னாடி மூணு பேர் கையைத் தூக்கிட்டு நின்னாலும் பந்தை உள்ளே போட்டுட்டு வர்றவன். மேட்ச் இறுக்கமா போகும்போது கோச் போர்டுல என்ன வரைஞ்சிருந்தாலும் சரி, மத்த நாலு பேரும் பந்தை அவன் கையில கொடுத்துட்டு ஓரமா ஒதுங்கிடுவாங்க. பொண்ணுங்க டீம்லயும் இதே கதைதான். ஜெயிச்சா "அவன் இல்லன்னா நாம எங்க?" தோத்தா "அவன் பாஸே பண்ணல."

அந்த ரெண்டாவது வரியோடதான் எனக்குச் சண்டை.

ஒவ்வொரு வருஷமும் செலக்‌ஷன் நேரத்துல இந்தப் பேச்சு வரும். "இவன் ஸ்கோரர், பாயிண்ட் கார்டா போடாதீங்க. பாயிண்ட் கார்டுன்னா முதல்ல பாஸைத்தான் யோசிக்கணும்." கேட்க நியாயமாத்தான் இருக்கு. அதுல பாதிக்குத்தான் நான் சம்மதிப்பேன். நிறைய பாயிண்ட் எடுக்கிற கார்டு, டீமோட முக்கிய ப்ளேமேக்கரா இருக்க முடியுமான்னு கேட்டீங்கன்னா, தாராளமா முடியும். பல நேரம் அவன்தான் இருக்கணும். ஆனா அவன் மட்டுமே இருந்தா, அந்த டீம் எங்கயோ ஒரு பெரிய மேட்ச்ல வசமா மாட்டிக்கும்.

பேஸ்கட்பால் பக்கமே போகாதவங்களுக்கு ரெண்டு வரி. கார்டு ரெண்டு பேர். ஒண்ணாம் நம்பர் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை ஆரம்பிச்சு வைக்கிறவர். ரெண்டாம் நம்பர் ஷூட்டிங் கார்டு, முடிச்சு வைக்கிறவர். இது பழைய பாடப்புத்தகப் பிரிவு. இன்னைக்கு மைதானத்துல இந்தக் கோடு கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. டென்வர்ல நிகோலா யோகிச்னு ஒரு சென்டரே ப்ளேமேக்கரா இருந்து 2023-ல கோப்பையை வாங்கிட்டார். அப்புறம் ஷூட்டிங் கார்டு எந்த மூலைக்கு?

சரி, ஸ்கோரர் ஏன் நல்ல ப்ளேமேக்கரா இருப்பான்? அவனுக்கு ஞானக்கண் இருக்குன்னு இல்ல. டிஃபென்ஸ் அவனுக்குப் பயப்படுது, அவ்வளவுதான்.

பிக் அண்ட் ரோலையே எடுத்துக்கோங்க. பந்து வெச்சிருக்கிறவனை ஒரு டிஃபெண்டர் மறிச்சுட்டு இருப்பார். நம்ம உயரமான ஆள் போய் அந்த டிஃபெண்டர் வழியில சுவர் மாதிரி நிப்பார். அதுதான் ஸ்கிரீன். அந்தச் சுவரை டிஃபெண்டர் எந்தப் பக்கமா தாண்டுறார்ங்கிறதுலதான் ஆட்டமே இருக்கு. பந்து வெச்சிருக்கிறவனுக்கு ஷூட் வராதுன்னு தெரிஞ்சா, டிஃபெண்டர் ஸ்கிரீனுக்குப் பின்பக்கமா சாவகாசமா நழுவி வந்து மறுபடி முன்னாடி நின்னுக்குவார். ஒண்ணுமே மாறல. அஞ்சு பேரை அஞ்சு பேர் மறிச்சுட்டு இருக்காங்க. இந்த நிலைமையில எவ்வளவு பெரிய பாஸரா இருந்தாலும் யாருக்குப் பாஸ் பண்றது?

இப்போ அதே இடத்துல ஷூட் தெரிஞ்சவனை வைங்க. டிஃபெண்டர் பின்பக்கமா போனா அந்த நொடியே த்ரீ விழும். அதனால அவர் ஸ்கிரீனை உரசிக்கிட்டு முன்பக்கமாத்தான் துரத்தணும், அரை அடியாவது பின்தங்குவார். அந்த அரை அடியை மூட எதிரணி சென்டர் முன்னால வரணும். அவர் வந்துட்டா, ஸ்கிரீன் போட்ட நம்ம ஆள் கூடையை நோக்கி ஓடும்போது பிடிக்க ஆள் இல்ல. அவரைப் பிடிக்க கார்னர்ல இருக்கிற டிஃபெண்டர் உள்ளே வரணும். அவரும் வந்துட்டா, கார்னர்ல நம்ம ஷூட்டர் தனியா நிப்பார். ஒருத்தன் ஷூட் பண்ணுவானோங்கிற பயம் மூணு பேரை இடம் மாத்திடுச்சு. பாஸ் போக வேண்டிய வழியை டிஃபென்ஸே திறந்து வெச்சுட்டுப் போகுது.

இதுக்கு நேர்எதிர் உதாரணம் பென் சிம்மன்ஸ். 2021 ப்ளேஆஃப்ல ஃபிலடெல்ஃபியா கிழக்கு மாநாட்டின் முதல் இடத்து அணி. சிம்மன்ஸ் 6 அடி 10 அங்குலம், பாஸ்னா அப்படி ஒரு பாஸ். ஆனா ஷூட் கிடையாது. அந்த ப்ளேஆஃப்ல அவரோட ஃப்ரீ த்ரோ 34.2 சதவீதம். அட்லாண்டாவுக்கு எதிரான 7-ஆவது மேட்ச், நாலாவது குவார்ட்டர். கூடைக்குப் பக்கத்துலயே பந்தோட திரும்புறார், எதிர்ல உயரம் குறைஞ்ச ட்ரே யங். ரெண்டு கையால தொங்கி அடிச்சிருக்கலாம். பக்கத்துல இருந்தவருக்குப் பாஸ் பண்ணார். ஃபிலடெல்ஃபியா 103-96-னு சொந்த மைதானத்துலயே தோத்தது. 'முதல்ல பாஸ்' மனசு உள்ள பாயிண்ட் கார்டு வேணும்னு கேக்கிறவங்க இந்த ஒரு கிளிப்பைப் பார்த்துட்டு வந்து பேசட்டும்.

இனி என் வாதத்தோட நடு முதுகெலும்புக்கு வரேன். ஜேம்ஸ் ஹார்டன்.

ஓக்லஹோமா சிட்டியில பெஞ்ச்ல இருந்து வந்து அடிச்சவர் இவர். 2011-12 சீசன்ல அதுக்கான சிக்ஸ்த் மேன் விருதையே வாங்கினார். 2012 அக்டோபர்ல ஹூஸ்டனுக்கு மாத்தினாங்க, அங்க நட்சத்திரமானார். அக்மார்க் ஷூட்டிங் கார்டு. இடது கைக்காரர், முரட்டுத் தாடி, நடுவர்கிட்ட ஃபவுல் வாங்கறதுல கில்லாடி. அந்தக் கடைசி விஷயத்துக்காகவே பல பேருக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் அவர் ஆட்டத்தைப் பார்த்து ரசிக்கிற அளவுக்குப் பொறுமை இல்ல. ஆனா கணக்கு வேற, ரசனை வேற.

2015-16 சீசன்ல ஒரு மேட்சுக்கு 29 பாயிண்ட், 7.5 அசிஸ்ட் எடுத்தார். கூடவே 374 டர்னோவர், அப்போ அது ஒரு சீசனுக்கான என்பிஏ சாதனை. ஹூஸ்டன் 41 ஜெயிச்சு 41 தோத்தது. (டர்னோவர்னா பந்தை எதிரணி கையில கொடுத்துட்டு வர்றது. 'பந்திழப்பு'ன்னு எழுதலாமேன்னு நம்ம எடிட்டர் கேட்டார். கோர்ட்ல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல, அதனால டர்னோவரே இருக்கட்டும்.)

2016-ல மைக் டி'ஆன்டோனி கோச்சா வந்தார். ஃபீனிக்ஸ்ல ஸ்டீவ் நாஷ் கையில பந்தைக் கொடுத்து, அவரை 2005, 2006 ரெண்டு வருஷமும் எம்விபி ஆக்கின அதே ஆள். அவர் வந்ததும் செஞ்ச முதல் காரியம், ஹார்டனைப் பாயிண்ட் கார்டாக்கினது. ஏற்கனவே டர்னோவர்ல சாதனை வெச்சிருக்கிறவன்கிட்ட இன்னும் அதிகமா பந்தைக் கொடுக்கிறாரேன்னு நமக்குத் தோணும். பாயிண்ட் கார்டா இருந்த பேட்ரிக் பெவர்லி டீம்லயேதான் இருந்தார். ஆனா அவர் வேலை எதிரணி கார்டை மறிக்கிறதும், மூலையில நின்னு த்ரீ போடறதும்னு மாறிடுச்சு.

என்ன ஆச்சு? 2016-17-ல ஹார்டன் 29.1 பாயிண்ட், 11.2 அசிஸ்ட். லீக்லயே அதிக அசிஸ்ட் அவருதுதான். 2016 டிசம்பர் 31-ஆம் தேதி நியூயார்க்குக்கு எதிரா 53 பாயிண்ட், 16 ரீபவுண்ட், 17 அசிஸ்ட். ஹூஸ்டன் 55 ஜெயிச்சு 27 தோத்தது. டி'ஆன்டோனிக்கு வருஷத்தின் சிறந்த கோச் விருது. கவனிங்க, பாயிண்ட் குறையவே இல்ல. அடிக்கிறதை விட்டுட்டு அவர் பாஸுக்கு மாறல. அடிச்சதாலதான் பாஸ் வந்தது. சென்டர் முன்னால வந்தா கிளின்ட் கபேலாவுக்கு மேல தூக்கிப் போட்டார். கார்னர் ஆள் உள்ளே வந்தா ட்ரெவர் அரிஸாவுக்கு அடிச்சார். மேல நான் சொன்ன பிக் அண்ட் ரோல் பாடம்தான், ராத்திரிக்கு ராத்திரி.

இங்கயே நிறுத்தினா என் கட்சி ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா இன்னொரு எண் இருக்கு. அந்த சீசன்ல அவர் செஞ்ச டர்னோவர் 464. தன்னோட பழைய சாதனையைத் தானே உடைச்சார், 81 மேட்ச்ல. ஒரு மேட்சுக்கு 5.7. பந்து அதிக நேரம் கையில இருந்தா டர்னோவரும் ஏறும்தான், அதை வெச்சு மட்டும் ஒருத்தரைத் திட்டக்கூடாது. ஆனா அந்த எண் ஒருத்தர் தலையில எவ்வளவு பாரம் இருந்ததுன்னு சொல்லுது. பந்தைக் கொண்டு வர்றது அவர், ஸ்கிரீனைக் கூப்பிடறது அவர், மூணு பேர் நடுவுல புகுந்து அடிக்கிறது அவர், ஃபவுல் வாங்கி விழுந்து எழுந்து ஃப்ரீ த்ரோ போடறதும் அவர். அப்புறம் ஓடிப்போய் டிஃபென்ஸ் வேற.

ப்ளேஆஃப்ல ரெண்டாவது சுற்று, சான் அன்டோனியோ. 5-ஆவது மேட்ச் ஓவர்டைம் போச்சு. ஹார்டன் 33 பாயிண்ட், 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், கூடவே 9 டர்னோவர். கடைசி த்ரீயை 39 வயசு மனு ஜினோபிலி பின்னால இருந்து வந்து தட்டிவிட்டார். அடுத்து 6-ஆவது மேட்ச், ஹூஸ்டன்ல. சான் அன்டோனியோவோட பெரிய ஆட்டக்காரர் கவாய் லெனார்ட் காயத்தால ஆடவே இல்ல. ஹூஸ்டனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. தோத்தது 114-75. ஹார்டன் 11 ஷாட் எடுத்து 2 போட்டார், மொத்தம் 10 பாயிண்ட்.

அன்னையிலிருந்து அவருக்கு ஒட்டின பேர், பெரிய மேட்ச்ல பயந்துடுவார்ங்கிறது. இந்த இடத்துலதான் நான் உங்களை நிறுத்தி வைக்க விரும்பறேன். பயம்னு சொல்லிட்டா விஷயம் அவரோட குணத்துல போய் முடிஞ்சிடும், டீமை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அவரைத் தவிர ஒரு பிக் அண்ட் ரோலை நடத்தத் தெரிஞ்ச இன்னொருத்தர் அந்த டீம்ல யார்? எரிக் கோர்டன் கொஞ்சம், அவ்வளவுதான். சான் அன்டோனியோ அவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினதுக்கப்புறம் மிச்சம் நாலு பேரும் யாராவது ஏதாவது செய்வாங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிற மாதிரிதான் இருந்தது. நம்ம பாஷையில சொன்னா, லோடு பேலன்சரே இல்லாம ஒத்தை சர்வர்ல ரிசல்ட் சைட்டை ஓட்டின கதை. சர்வர் விழுந்தா சர்வரைத் திட்டறோம்.

ஹூஸ்டன் நிர்வாகத்துக்கு இது புரிஞ்சதுன்னு அவங்க அடுத்து செஞ்சதை வெச்சே சொல்லிடலாம். ஹார்டனைத் திரும்ப ஷூட்டிங் கார்டா மட்டும் ஆக்கல. 2017 ஜூன்ல கிறிஸ் பால்ங்கிற இன்னொரு பெரிய ப்ளேமேக்கரைக் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தினாங்க. ஒரே ஒரு பந்துதானே, ரெண்டு பேர் எப்படி ஆடுவாங்கன்னு அப்போ பெரிய விவாதம். டி'ஆன்டோனி நேரத்தைப் பிரிச்சு, ரெண்டு பேர்ல ஒருத்தராவது எப்பவும் கோர்ட்ல இருக்கிற மாதிரி பார்த்துக்கிட்டார். 2017-18-ல ஹூஸ்டன் 65 ஜெயிச்சு 17 தோத்தது. ஹார்டனோட அசிஸ்ட் 8.8-க்கு இறங்கினது, டர்னோவர் 4.4-க்கு இறங்கினது, பாயிண்ட் 30.4-க்கு ஏறினது. எம்விபியும் அவருக்கே. முக்கிய ப்ளேமேக்கர் இப்பவும் அவர்தான். ஆனா மூச்சு வாங்க நேரம் கிடைச்ச ப்ளேமேக்கர்.

அப்புறம் நடந்தது பேஸ்கட்பால் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். மேற்கு இறுதியில கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரா 3-2-னு முன்னிலை. அந்த மூணாவது வெற்றியோட கடைசி நிமிஷத்துல பாலுக்கு தொடைத்தசை பிடிச்சிடுச்சு, மீதி ரெண்டு மேட்சும் அவர் இல்ல. ரெண்டு மேட்ச்லயும் பாதி நேரத்துல ஹூஸ்டன்தான் முன்னால இருந்தது. 6-ஆவது மேட்ச்ல முதல் பாதியில 61 பாயிண்ட் எடுத்த டீம், ரெண்டாம் பாதியில எடுத்தது 25. 7-ஆவது மேட்ச்ல தொடர்ந்து 27 த்ரீ மிஸ். இந்த 27-ஐ எல்லாரும் துரதிர்ஷ்டம்னு சொல்றாங்க. இருக்கலாம், அதுல பாதி நல்ல ஷாட்தான். ஆனா ரெண்டு மேட்ச்லயும் ரெண்டாம் பாதியிலதான் டீம் படுத்ததுங்கிறதை நான் வெறும் அதிர்ஷ்டக் கணக்குல எழுத மாட்டேன். ரெண்டாவது ஆள் இல்லாதப்போ செலவு எப்பவும் ரெண்டாம் பாதியிலதான் தெரியும்.

இது ஹார்டன் ஒருத்தரோட வியாதின்னு நினைச்சீங்கன்னா, மைக்கேல் ஜோர்டனுக்கே இந்தச் சோதனை நடந்திருக்கு. 1989 மார்ச்ல சிகாகோ கோச் டக் காலின்ஸ் அவரைப் பாயிண்ட் கார்டா மாத்தினார். 11 மேட்ச்ல 10 ட்ரிபிள் டபுள் எடுத்தார் மனுஷன். அதாவது பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூணுலயும் ரெட்டை இலக்கம். 'ஸ்கோரருக்குப் பாஸ் பண்ணத் தெரியாது'ங்கிற வாதம் அன்னைக்கே முடிஞ்சிருக்கணும். ஆனா அந்த வருஷமும் டெட்ராய்ட்கிட்ட 4-2-னு தோத்துட்டு வீட்டுக்குப் போனாங்க. ஜோர்டன் ஒருத்தரைச் சுத்தி வளைக்கிறதுக்குன்னே டெட்ராய்ட் தனியா ஒரு டிஃபென்ஸ் வெச்சிருந்தது.

அடுத்து ஃபில் ஜாக்சன் வந்து, டெக்ஸ் வின்டரோட ட்ரையாங்கிள் ஆட்டத்தைக் கொண்டு வந்தார். பந்தைக் கொண்டு வர்ற வேலையில பெரும்பங்கு ஸ்காட்டி பிப்பனுக்குப் போச்சு. இப்போ வேடிக்கையைப் பாருங்க. பந்து குறைவா கையில இருந்த அந்த ஜோர்டன், 1991 ஃபைனல்ஸ்ல மேட்சுக்கு 31.2 பாயிண்ட்டோட 11.4 அசிஸ்ட் எடுத்தார். கடைசி மேட்ச்ல லேக்கர்ஸ் ரெண்டு பேரா அவர்மேல ஓட, தனியா நின்ன ஜான் பேக்ஸனுக்குப் பந்து போய்க்கிட்டே இருந்தது. பேக்ஸன் 20 பாயிண்ட், அதுல பாதி கடைசி சில நிமிஷத்துல. கோப்பையை ஜெயிச்சது ஸ்கோரரோட பாஸ்தான்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நல்ல உதாரணம் கொடுத்துடறேன். ஆலன் ஐவர்சன் 6 அடிதான், பாயிண்ட் கார்டாத்தான் வந்தார். கோச் லேரி பிரவுன் அவரை ஷூட்டிங் கார்டா மாத்திட்டு எரிக் ஸ்னோ கையில பந்தைக் கொடுத்தார். 2000-01-ல ஐவர்சன் 31.1 பாயிண்ட், எம்விபி, ஃபிலடெல்ஃபியா ஃபைனல்ஸ் வரைக்கும் போச்சு. சரியான முடிவுதான், மறுக்கல. ஆனா ஸ்னோவை அங்க வெச்சதுல ஐவர்சனோட குணத்துக்கு என்ன சம்பந்தம்? அவருக்குப் பந்தை வாங்கிக்கொடுக்கவும், எதிரணியோட பெரிய கார்டை மறிக்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டார். இதுவும் 'ரெண்டாவது ஆள்' கதைதான், வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு.

அப்போ ஒரு பாயிண்ட் கார்டை வாங்கிப் போட்டா முடிஞ்சதான்னா, அதுவும் இல்ல. ஃபீனிக்ஸைப் பாருங்க. 2023-24-ல டெவின் புக்கர்ங்கிற ஸ்கோரர்தான் அவங்களோட முக்கிய ப்ளேமேக்கர். 27.1 பாயிண்ட், 6.9 அசிஸ்ட். 49 மேட்ச் ஜெயிச்சாங்க, ப்ளேஆஃப் முதல் சுற்றுலயே மினசோட்டா 4-0-னு துடைச்சு அனுப்பிடுச்சு. உடனே எல்லாரும் கேட்டது, நிஜமான பாயிண்ட் கார்டு எங்கேன்னுதான். அந்தக் கோடையில டைஸ் ஜோன்ஸை எடுத்தாங்க. பந்தைத் தொலைக்கவே தெரியாதவர்னு பேர் வாங்கினவர், சுத்தமான பாஸர். அடுத்த சீசன்ல ஃபீனிக்ஸ் 36 ஜெயிச்சு 46 தோத்து, ப்ளேஆஃப் பக்கமே போகல. அதுக்கு ஜோன்ஸ் மட்டும் காரணம் கிடையாது, அந்த டீம்ல ஓட்டை எண்ண ஒரு கை போதாது. ஆனா 'புக்கரைப் பழையபடி ரெண்டாம் நம்பர் ஆக்கினா எல்லாம் சரியாகிடும்'னு சொன்ன மருந்து வேலை செய்யலங்கிறது நிச்சயம்.

இப்போ 2025. மறுபடி ஓக்லஹோமா சிட்டி, ஹார்டனைப் பெஞ்ச்ல வெச்சிருந்த அதே ஊர். ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் 2024-25-ல 32.7 பாயிண்ட், லீக்லயே அதிகம். அசிஸ்ட் 6.4. டர்னோவர் வெறும் 2.4. டீம் 68 ஜெயிச்சு 14 தோத்தது. ஃபைனல்ஸ்ல எதிர்ல வந்தது இண்டியானா. அவங்க ப்ளேமேக்கர் டைரீஸ் ஹாலிபர்ட்டன், 'முதல்ல பாஸ்' பள்ளியோட இன்றைய முதல் ராங்க். அதுக்கு முந்தின சுற்றுல நியூயார்க்குக்கு எதிரா ஒரு மேட்ச்ல 32 பாயிண்ட், 15 அசிஸ்ட், 12 ரீபவுண்ட் எடுத்தார், டர்னோவர் பூஜ்யம். மனசைத் தொட்டுச் சொல்றேன், பார்க்கறதுக்கு எனக்கு ஹாலிபர்ட்டன் ஆட்டம்தான் பிடிக்கும்.

ஃபைனல்ஸ் 7 மேட்ச் வரைக்கும் போச்சு. ஏழாவதுல ஹாலிபர்ட்டனுக்கு அக்கிலீஸ் தசைநார் கிழிஞ்சது, பாவம். அதனால இதை ரெண்டு பள்ளிக்கும் நடந்த நேர்மையான பரீட்சைன்னு நான் எடுத்துக்க மாட்டேன். நான் பார்க்கச் சொல்றது ஓக்லஹோமா பக்கத்தை மட்டும். 7-ஆவது மேட்ச்ல ஷே 29 பாயிண்ட், 12 அசிஸ்ட். அந்த சீசன்ல லீக்லயே அதிகமா பாயிண்ட் எடுத்தவர், கோப்பையை முடிவு பண்ற மேட்ச்ல 12 பேருக்கு ஊட்டிவிட்ட மாதிரி ஆடினார். அவரால ஏன் முடிஞ்சதுன்னா, 5-ஆவது மேட்ச்ல 40 பாயிண்ட் போட்ட ஜேலன் வில்லியம்ஸ்னு ஒருத்தர் பக்கத்துல இருந்தார். ஷே மேல ரெண்டு பேர் வந்தா பந்தை வில்லியம்ஸ்கிட்ட கொடுத்துட்டு வேற இடத்துக்குப் போய் நின்னு திரும்ப வாங்கிக்கலாம். 2016-17 ஹார்டனுக்கு அந்தத் திரும்ப வாங்கிக்கிற வசதியே இல்ல. இன்னொரு விஷயம், 2019-20-ல ஷே ஆடினது கிறிஸ் பால் பக்கத்துல, அதுவும் ரெண்டாவது ஆளா. முதல் ஆளாகுறதுக்கு முன்னாடி பந்து இல்லாம ஆடக் கத்துக்கிட்டார். எனக்கு இது சின்ன விஷயமா தெரியல.

நம்ம கோர்ட்டுக்கு வருவோம். நாம ஆடறது ஃபீபா விதி, அது விஷயத்தை இன்னும் கஷ்டமாக்குது. என்பிஏல டிஃபெண்டர் ஒருத்தரையும் மறிக்காம கூடைக்கு முன்னாடி மூணு செகண்டுக்கு மேல நின்னா தப்பு. நமக்கு அந்த விதி கிடையாது. நாள் முழுக்க நிக்கலாம், நிக்கிறாங்களே. முக்கால்வாசி காலேஜ் டீமும் 2-3 ஸோன் போட்டு நடுவுல ஒரு ஆறடிக்காரரை நட்டு வெச்சிடறாங்க. உள்ளே புகுந்து அடிக்கிற நம்ம ஸ்கோரருக்கு வழியே இருக்காது. வெளியே பாஸ் பண்ணா ஷூட் போட ஆள் வேணும், அந்த ஆள் ரெண்டு மேட்சா பந்தையே தொடாம கை மரத்துப்போய் நிப்பான். அப்புறம் மிஸ் பண்ணுவான். அப்புறம் ஸ்கோரர் அவனுக்குப் பாஸ் பண்றதையே நிறுத்திடுவான். இதுல யாரோட தப்பு எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

8 செகண்ட்ல பாதிக்கோட்டைத் தாண்டணும்ங்கிற விதி இன்னொரு பக்கம். எதிரணி முழு கோர்ட்டுக்கும் பிரெஸ் போட்டா, 40 நிமிஷமும் ஒருத்தனே ரெண்டு பேரை டிரிபிள் பண்ணிக் கடந்து வரணும். மதியம் ரெண்டு மணி வெயில்ல, சிமெண்ட் கோர்ட்ல, அதே நாள்ல ரெண்டாவது மேட்ச். மூணாவது குவார்ட்டர் முடியும்போது அவனோட ஷாட் எல்லாம் ரிங்கோட முன்பக்கத்துல இடிக்க ஆரம்பிக்கும். அது கால் போனதோட அறிகுறி, பேஸ்கட்பால் ஆடின எல்லாருக்கும் தெரியும். ஆனா மேட்ச் முடிஞ்சதும் பேசறது அவனோட தலைக்கனத்தைப் பத்தி.

அதனால இந்த வருஷம் செலக்‌ஷன் நடத்தறவங்களுக்கு ஒரு யோசனை. ஸ்கோரரை ஸ்கோரராவே விடுங்க, பந்தும் அவன்கிட்டயே இருக்கட்டும், 'பாஸ் பண்ணு'ன்னு கத்தாதீங்க. டிரையல்ஸ் மேட்ச்ல ஒரு பத்து நிமிஷம் மட்டும், அவன் பாதிக்கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரை அவன்மேல விடுங்க. அப்புறம் அவனைப் பார்க்காதீங்க. மீதி நாலு பேரைப் பாருங்க. மூணு பேர் முன்னால ஓடிப்போய் கார்னர்ல நின்னு கையை ஆட்டுவாங்க. ஒருத்தன், இல்ல ஒருத்தி, திரும்பி ஓடி வந்து நடுவுல நின்னு பந்தை வாங்கும், ரெண்டு டிரிபிள்ல தாண்டிக் கொண்டு வந்து நிதானமா திருப்பிக் கொடுக்கும். அநேகமா அந்த ஆள் ஸ்கோர்ஷீட்ல நாலு பாயிண்ட் வெச்சிருக்கும், போன வருஷம் முழுக்க பெஞ்ச்ல தண்ணி பாட்டில் பக்கத்துல உக்காந்திருந்திருக்கும். ஸ்டார்டிங் அஞ்சுல அந்தப் பேரை எழுதுங்க. ரெண்டாம் வருஷத்துலயே எழுதினா இன்னும் நல்லது, மூணு வருஷம் சேர்ந்து ஆடலாம்.